நாலரை வயது மகள் "எனக்கு வரையத் தெரியாது, நீயே வரைஞ்சு குடு" என்கிறாள். கையால் செய்யும் வேலைகள் சொல்லுங்கள்

திருப்பூர் அம்மா:

வணக்கம் தோழிகளே, நண்பர்களே. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு நாலரை வயது, ஜூனில் யூகேஜி போகிறாள். மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. மாமியார் எங்களோடு இருக்கிறார். கணவர் காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். லீவு விட்டாகிவிட்டது, வெயிலில் வெளியே விடவும் முடியவில்லை.

போன வருடம் வரை இவள் சுவர், தரை, ஃப்ரிட்ஜ் கதவு என்று எதையும் விட்டுவைக்கமாட்டாள். அப்பளக் கட்டில் இருக்கும் காகிதத்தில்கூடக் கிறுக்குவாள். எல்கேஜியில் தினமும் ஒரு வண்ணம் தீட்டும் தாள் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டினால் சிவப்பு மையில் வட்டம் போட்டு வரும். ஒரு நாள் யானைக்குப் பச்சை அடித்திருந்தாள், அதைச் சுற்றியும் வட்டம். நான் அப்போது டீச்சர் சொல்வது சரிதான் என்று நினைத்து, வீட்டில் உட்காரவைத்து மறுபடி கறுப்பு அடிக்க வைத்தேன். அதை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவளாக வரைவது நின்றுவிட்டது. தாளைக் கொடுத்தால் "எனக்கு வராது, நீயே வரைஞ்சு குடு" என்கிறாள். நான் வரைந்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கிரேயானைக் கையில் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒரு கோடு போட்டுவிட்டு ரப்பரைத் தேடுகிறாள்.

ஆன்லைனில் கிராஃப்ட் கிட் ஒன்று வாங்கினேன். எல்லாம் வெட்டியே வந்தது, ஒட்டவேண்டியதுதான் பாக்கி. அதையும் கோணலாகிவிடும் என்று என்னையே ஒட்டச் சொன்னாள்.

செலவு அதிகம் இல்லாமல், வீட்டில் இருப்பதை வைத்து, கையால் தொட்டுச் செய்கிற மாதிரி என்ன செய்யலாம்? சின்னவனும் கூடவே உட்காருவான், எதைக் கொடுத்தாலும் வாயில் வைப்பான். மாமியாருக்கு அரிசி, பருப்பை விளையாடக் கொடுப்பது பிடிக்காது, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பால்வாடி டீச்சர்:

நான் திண்டுக்கல் பக்கம் அங்கன்வாடியில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் மகளைப் போல வருடத்துக்கு ரெண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துவிடுவேன். பயப்படாதீர்கள், திரும்ப வந்துவிடும். ஆனால் அதற்கு முதலில் நீங்கள் ஒன்றை நிறுத்தவேண்டும், அவளுக்காக வரைந்து கொடுப்பதை. பெரியவர் கை போட்ட யானை எப்போதும் அவள் கை போடும் யானையைவிட யானை மாதிரியே இருக்கும். பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் கிரேயானைத் தொடுவாள்? அவள் கேட்டால் "நீ போடு, நான் உன் பக்கத்துல உக்காந்து என்னோடதைப் போடுறேன்" என்று சொல்லி, நீங்களும் வெறும் கோடு, வட்டம், கிறுக்கல் என்று போடுங்கள். அம்மாவும் கிறுக்குகிறாள் என்று பார்க்கட்டும்.

கிறுக்கல் வீண் வேலை கிடையாது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் சின்னக் குழந்தைகள் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் உலகம் முழுக்க இருந்து 10 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் வரைந்த படங்களைச் சேர்த்தார். அதையெல்லாம் பார்த்து, கிறுக்கலிலேயே 20 அடிப்படை வகை இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். புள்ளி, நேர்கோடு, வளைகோடு, சுழி என்று போகும். முதலில் கோடு, அப்புறம் மூடிய வட்டம், அந்த வட்டத்துக்குக் கண், அப்புறம் தலையிலிருந்தே நேராகக் கால் முளைத்த மனிதர்கள். மூன்று நான்கு வயதில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் இந்தத் தலைக்கால் மனிதரை வரைவார்கள். உடம்பை விட்டுவிட்டாயே என்று திருத்தக் கூடாது, அடுத்த வருடம் உடம்பு தானாக வரும்.

இப்போது அவளுக்குத் தாளைப் பார்த்தாலே பயம். அதனால் கொஞ்ச நாள் தாளும் கிரேயானும் வேண்டாம். காலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு வாளித் தண்ணீரும் ரெண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷும் கொடுங்கள். கைப்பிடிச் சுவரிலும் தரையிலும் தண்ணீரால் பெயிண்ட் அடிக்கட்டும். போட்டது காய்ந்து மறைந்துவிடும், அதனால் தப்பு என்று எதுவும் மிஞ்சாது, ரப்பர் தேட வேண்டியதில்லை. சின்னவனுக்கும் ஒரு பிரஷ் கொடுக்கலாம். வாளியில் தண்ணீர் நாலு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

ரெண்டு மூன்று நாள் போனபின் மாக்கோலம். பொடிக் கோலம் இல்லை, ஈர மாவு. ஒரு கைப்பிடி பச்சரிசி போதும், ஊறவைத்து அரைத்துத் தண்ணீராகக் கரைத்துவிடுங்கள், சின்னத் துணியை அதில் நனைத்துப் பிழிந்தால் விரல் வழியாக மாவு இறங்கும். எங்கள் பிள்ளைகள் முதல் நாள் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், அடுத்த நாள் இழுப்பார்கள், ஒரு வாரத்தில் ஏதோ ஒரு வளையம் வரும். வாசலில் போடுகிற கோலம் என்று சொல்லுங்கள், மாமியாரும் கூட வந்து உட்காருவார், எறும்புக்கும் ஆச்சு. கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்லை அரைத்த தூள், சின்னப் பிள்ளைகள் முகத்துக்குக் கிட்டே வைத்துத் தூவினால் மூக்கில் போகும், அது வேண்டாம்.

அப்புறம் காய் அச்சு. சமையலுக்கு நறுக்கும்போது மிச்சமாகும் காம்புப் பகுதிகளை எடுத்து வையுங்கள். வெண்டைக்காயின் தலைப்பக்கம் ஐந்து இதழ் பூவாக விழும், வாழையிலைக் காம்பைக் குறுக்கே வெட்டினால் சல்லடை மாதிரி கட்டம் கட்டமாக விழும், வெங்காயத்தைப் பாதியாக வெட்டினால் வளையம். ஒரு தட்டில் பழைய துணியை நாலாக மடித்து வைத்து அதில் கலரை ஊற்றினால் அதுதான் மைப்பட்டை. இதில் அவள் வரையவே வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும். ஆனால் எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதெல்லாம் அவள் முடிவு. இழந்துபோன தைரியம் அங்கேதான் திரும்பும்.

கடைசியாக ஒன்று. முடித்தபின் "இது என்ன?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்"கூட உடனே சொல்லாதீர்கள். "இங்க நிறைய நீலம் போட்டிருக்க, இந்தக் கோடு இங்கிருந்து அங்க வரைக்கும் போகுது" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். அவளே பேச ஆரம்பிப்பாள்.

கரிசல்காரன்:

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. நான் கலர் பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் ரெண்டு பையன்கள், கடையில் கலர் வாங்கி ரெண்டு வருடம் ஆகிறது.

நான் கோவில்பட்டி. எங்கள் மண் கறுப்பு, திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் தேரிக்காடு செக்கச் செவேல் என்று இருக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் பையன்கள் ஒரு டப்பா மண் எடுத்துவருவார்கள். இப்போது ஏழு நிறம் சேர்ந்திருக்கிறது. காயவைத்து, கல்லால் பொடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் மாவு மாதிரி ஆகிவிடும். மைதாப் பசையில் குழைத்தால் பெயிண்ட். பசைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டினால் போதும். பிரஷ்ஷுக்கு வேப்பங்குச்சி, நுனியை நசுக்கினால் பல் துலக்கும் குச்சி போலவே விரிந்துவிடும். மண்ணைத் தேடுவது, சலிப்பது, குழைப்பது எல்லாமே அவர்களுக்கு வேலைதான், வரைவது அதில் ஒரு பங்குதான். உங்கள் மகளுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன், ஏனென்றால் கலரைத் தன் கையால் செய்த பிள்ளை அதை உபயோகிக்காமல் விடமாட்டாள்.

அடுத்தது மஞ்சள் காகிதம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைக்கவேண்டும். ஒரு கிண்ணத்தில் தண்ணீரில் சமையல் சோடா கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியை அதில் தொட்டு வரையச் சொல்லுங்கள். நிறமே இல்லாத தண்ணீர் தாளில் பட்டதும் சிவப்பாகக் கிளம்பும். குளியல் சோப்பைக் கொஞ்சம் நனைத்துக் கோடு போட்டாலும் அதேதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அந்த விஷயம்தான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், சோடா, சோப்பு, சுண்ணாம்பு மாதிரியான காரப்பொருள் பட்டால் நிறம் மாறும். மேலே எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சள். அவள் ரப்பர் தேடுகிறாள் என்றீர்களே, எலுமிச்சம்பழத்தை ரப்பராகக் கொடுத்துப் பாருங்கள்.

சங்குப்பூ வேலியில் கிடைத்தால் பத்துப் பூவை வெந்நீரில் போடுங்கள், நல்ல நீலம் இறங்கும். எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் ரோஸ். சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். செம்பருத்தி இதழைத் தாளில் நேரே தேய்த்தாலே ஊதாக் கோடு விழும். பீட்ரூட்டும் கீரையும் அன்றைக்கு அழகாக இருக்கும், நாலு நாளில் பழுப்பேறிவிடும், மஞ்சளும் வெயில் பட்டால் வெளுக்கும். அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள். மண்ணும் அடுப்புக்கரியும் மட்டும் அப்படியே நிற்கும்.

எங்கள் ஊரில் தீப்பெட்டி வேலை நிறைய, அதனால் மருந்து வைக்காத வெறுங்குச்சி கிடைக்கும். இரவு ஊறவைத்த கொண்டைக்கடலையில் குத்தி வீடு, ஏணி, கட்டில் எல்லாம் கட்டுகிறார்கள். காய்ந்ததும் கடலை இறுகிக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இது புதுசு இல்லை, 1837-ல் ஜெர்மனியில் முதல் கிண்டர்கார்டன் தொடங்கிய ஃப்ரோபெல் தன் பிள்ளைகளுக்கு வைத்த வேலைகளில் பட்டாணியும் குச்சியும் உண்டு. புனேயில் அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டினாரே, அவரும் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துத்தான் தொடங்கினார். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய வீடியோக்களில் தமிழில் பேசுவதும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஏழு எட்டு வயதுக்கு மேல்தான் பொருந்தும்.

யூகேஜி அம்மா:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜூனில் பள்ளிக்குப் போனால் கோட்டுக்குள்தானே அடிக்கச் சொல்வார்கள்? என் மகனை இப்படித்தான் விட்டுவிட்டேன், யூகேஜியில் பென்சில் பிடிக்கவே கஷ்டப்பட்டான். கொஞ்சமாவது சொல்லித் தரவேண்டாமா? பிள்ளை வகுப்பில் பின்தங்கிவிட்டால் அதுவும் அவள் மனதைத்தானே பாதிக்கும்.

பால்வாடி டீச்சர்:

நீங்கள் கேட்பது சரியான கேள்வி சகோதரி. பென்சில் பிடிக்கும் பலம் கோட்டுக்குள் அடிப்பதால் வருவது இல்லை, அது தோள், மணிக்கட்டு, விரல் என்று மேலிருந்து கீழே இறங்கி வரவேண்டியது. மாவு பிசைவது, துணி பிழிவது, தாளைக் கிழிப்பது, பட்டாணி உரிப்பது, இவைதான் விரலுக்குப் பலம். தண்ணீர் பிரஷ்ஷை மேலும் கீழும் இழுக்கிற பிள்ளைக்குத் தோள் திடமாகும். கிரேயானையே முழுசாகக் கொடுக்காமல் கட்டை விரல் நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள், அவ்வளவு சின்னத் துண்டை மூன்று விரலால்தான் பிடிக்கமுடியும். சொல்லித்தராமலே பிடி வந்துவிடும்.

கோட்டுக்குள் அடிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு பயிற்சி, அவ்வளவுதான், அதற்குப் பத்து நிமிடம் போதும். அதையே படம் வரைவது என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. என்னிடம் வரும் பெற்றோரிடம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு வருடமும் தொடங்குகிறேன். கத்தரிக்கோலும் அப்படித்தான். நாலு வயதில் முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுங்கள், முதலில் ஒரு விரல் அகலக் காகிதப் பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்கட்டும், கோடு போட்டு அதன் மேல் வெட்டுவதெல்லாம் பிறகு.

வீட்டுத் திண்ணை:

என் பொண்ணுக்கு வேறு பிரச்சினை. பிசுபிசு என்று எது பட்டாலும் அழுவாள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். யாராவது இப்படி இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். நாங்கள் கலரை ஜிப் வைத்த பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி ஜன்னலில் தொங்கவிட்டோம். வெளியிலிருந்தே விரலால் தேய்த்துக் கோடு போட்டாள். மூன்று மாதம் கழித்துத் தானாகவே விரலை வெறும் கலரில் வைத்தாள். பக்கத்தில் எப்போதும் ஒரு ஈரத்துணி இருக்கவேண்டும், துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால்தான் தொடுவார்கள்.

மாவு நான் வீட்டில்தான் செய்கிறேன். ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணீர், ரெண்டு ஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிறு தீயில் விடாமல் கிண்டினால் முதலில் கூழாகி, திடீரென்று ஒரே உருண்டையாகத் திரண்டு பாத்திரத்தை விட்டு வரும், அப்போது இறக்கிவிடவேண்டும். சூடு ஆறியபின் நன்றாகப் பிசையுங்கள். அடுப்பில் வைக்காமல் வெறும் மாவைப் பிசைந்தால் மறுநாளே நசநசத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ரெண்டு வாரம் தாராளமாக வரும். மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும், கொஞ்சம் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். உணவுப்பொருள் வீணாகிறது என்று பெரியவர்கள் வருத்தப்பட்டால் வண்டு விழுந்த மைதாவைச் சலித்துச் செய்யலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு மட்டும் மைதா வேண்டாம், அரிசி மாவில் செய்யுங்கள், கொஞ்சம் உதிரும், பரவாயில்லை.

கடையில் விற்கிற ப்ளே டோவே முதலில் அமெரிக்காவில் சுவர்க்காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்கிற மாவாக இருந்ததுதான். ஒரு நர்சரி பள்ளி டீச்சர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தபின்தான் பொம்மையாக 1956-ல் கடைக்கு வந்தது.

திருப்பூரில் இருந்துகொண்டு பனியன் வேஸ்ட்டை யாரும் சொல்லவில்லையே! அதைப் போல ஒரு பொருள் எங்கள் ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கலர் கலராக இருக்கும், பிசிறு உதிராது, இழுத்தால் சுருண்டு கயிறாகும். ஒட்டலாம், பின்னலாம், அட்டையில் வெட்டு வெட்டி நாலு நூல் கட்டிக் கொடுத்தால் நெய்யலாம்.

வைகைக்கரை:

களிமண்ணை விட்டுவிடாதீர்கள். நான் மதுரை, பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற வீடுகளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், என் பிள்ளைகளுக்கும் அங்கேதான் பிசைந்த மண் வாங்குவேன். உங்கள் ஊர்ப் பக்கமும் மண்பாண்டம் செய்பவர்கள் இருப்பார்கள், பிள்ளைக்கு என்று கேட்டால் ஒரு உருண்டை கொடுப்பார்கள். ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

மாவுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. மண் கனமாக இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், கையை எதிர்த்து நிற்கும். முதல் நாள் எதுவும் செய்யச் சொல்லாதீர்கள். குத்தட்டும், கிள்ளட்டும், தரையில் அடிக்கட்டும். என் மகன் நாலு நாள் வெறும் பாம்பு உருட்டினான், ஐந்தாம் நாள் அந்தப் பாம்பைச் சுருட்டிக் கிண்ணம் ஆக்கினான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கால் ஒட்டும்போது ரெண்டு பக்கமும் குச்சியால் கீறி, கரைத்த மண்ணைத் தடவி ஒட்டினால்தான் காய்ந்தபின் விழாது, அதை மட்டும் நாம் காட்டித்தரலாம். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் மெதுவாகக் காயவேண்டும். பிடிக்காமல் போனால் வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

இரவுப்பணி:

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். மேலே சொன்னதெல்லாம் நல்ல யோசனை, ஆனால் ஒன்றே முக்கால் வயதுப் பையன் பக்கத்தில் இருக்கிறான், அதனால் சிலதைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்.

கரிசல்காரன் அண்ணா சொன்ன கொண்டைக்கடலை சின்னவன் தூங்கும்போது மட்டும்தான். கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, மணி, பட்டன் இவையெல்லாம் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் போய் எங்களிடம் வருகிற பிள்ளைகள் நிறைய. மூச்சுக்குழாயில் போன கடலை உள்ளே ஊறிப் பெரிதாகிவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் கலர் ஜெல் உருண்டைகள் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், விழுங்கினால் குடலை அடைக்கும்.

களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கக் குன்றிமணி தேடாதீர்கள். பார்க்க அழகு, ஆனால் அதைக் கடித்து உடைத்து விழுங்கினால் கடுமையான விஷம். மிளகு வையுங்கள், அதையும் நீங்களே வைத்துவிடுங்கள். மஞ்சள் காகிதத்துக்குச் சமையல் சோடா என்று அண்ணா சொன்னது நல்லது, வெற்றிலைச் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும். பட்டுவிட்டால் யோசிக்காமல் உடனே குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும், அப்புறம் நேராக மருத்துவமனை. மைதாப் பசை கெடாமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுகிற பழக்கம் புத்தகம் பைண்டிங் செய்கிற இடங்களில் உண்டு, வீட்டில் அதைப் போடாதீர்கள். பசை ரெண்டு நாளில் புளித்தால் கொட்டிவிட்டு வேறு காய்ச்சுங்கள்.

உப்பு மாவைச் சின்னவன் ஒரு கிள்ளு வாயில் வைத்தால் துப்பிவிடுவான், ஆனால் உருண்டையாகத் தின்ன விடக்கூடாது, அத்தனை உப்பு அந்த வயதுக்கு ஆகாது. அவனுக்குக் கெட்டித் தயிரில் பீட்ரூட் சாறு ஒரு ஸ்பூன் கலந்து எவர்சில்வர் தட்டில் கொடுங்கள். விரலால் இழுத்து விளையாடட்டும், வாயில் வைத்தாலும் கவலையில்லை.

திருப்பூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. 12 நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன்.

முதல் ரெண்டு நாள் மாடியில் தண்ணீர் பிரஷ். அவள் முதலில் சுவரைத் தொடவில்லை, தம்பிதான் வாளியைக் கவிழ்த்து, ஈரக்கையைத் தரையில் அடித்து, அந்தக் கை அடையாளம் மறைவதைப் பார்த்துக் கத்தினான். அதைப் பார்த்து அவளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மாமியார் மாவைக் கரைத்து எடுத்துவந்தார். நான் கேட்கவே இல்லை. "எங்க அம்மா எனக்கு இப்படித்தான் காட்டினாங்க" என்று அவள் கையைப் பிடிக்காமல், பக்கத்தில் தன் கோலத்தைப் போட்டார். பாட்டி கோலத்தின் பக்கத்திலேயே இவள் பத்துப் பன்னிரண்டு சொட்டு விட்டாள். காய்ந்து வெள்ளையாகத் தெரிந்ததும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மஞ்சள் காகிதம்தான் கதவைத் திறந்தது என்று சொல்லவேண்டும். சோடாத் தண்ணீரில் சிவப்பு கிளம்பியதும் "நான் போட்டேன்மா!" என்றாள். நான் எலுமிச்சையைக் கொடுத்து, பிடிக்கலைன்னா இதை வெச்சு அழிச்சுக்கோ என்றேன். ஒரே ஒரு தடவை அழித்தாள். அதுவும் நிறம் திரும்புகிறதா என்று பார்க்கத்தான். அன்றைக்கு மட்டும் ஆறு தாள்.

நேற்று பனியன் வேஸ்ட் ஒரு பை கொண்டுவரச் சொன்னேன், கணவர் மூட்டையாகவே கொண்டுவந்துவிட்டார். அதில் பச்சைத் துணி மட்டும் பொறுக்கி எடுத்து மைதாப் பசையில் ஒரு பெரிய அட்டையில் ஒட்டினாள். டீச்சர் சொன்னபடி என்ன இது என்று கேட்காமல், "நிறையப் பச்சை எடுத்திருக்க" என்று மட்டும் சொன்னேன். "யானைம்மா. பச்சை யானை. மிஸ்கிட்ட காட்ட வேணாம், நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குக் கறுப்பு அடிக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே யானைக்கு வால் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு சந்தேகம். தாள்கள் குவிகிறது, எங்கே வைப்பது? தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.

பால்வாடி டீச்சர்:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஜன்னல் ஓரமாக அவள் கண் உயரத்துக்கு ஒரு நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு மாட்டுங்கள். இடம் நிரம்பினால் எதை இறக்குவது என்று அவளைக் கேளுங்கள். இறக்கியதில் மாதத்துக்கு நாலைந்தை மட்டும் பின்பக்கம் தேதி எழுதி ஒரு பையில் வையுங்கள், மற்றதைப் புத்தக அட்டை போட, பரிசு சுற்ற எடுத்துக்கொள்ளலாம். தம்பியின் கிறுக்கலுக்கும் தேதி எழுதி வையுங்கள். பச்சை யானைக்கு வால் வைத்தாளா?

திருப்பூர் அம்மா:

மூன்று வால் வைத்திருக்கிறாள் அக்கா.